நெவேயா: திருப்பிப் படித்தால் சொர்க்கம்

அமெரிக்காவில் மருத்துவர் பிரசவத்துக்கு நாள் குறித்த அன்றிலிருந்து, பெயர் முடிவாகிவிட்டதா என்ற கேள்வியை எதிர்கொள்ளாமல் எங்களால் யாரோடும் பேச முடியவில்லை. நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தைப் பார்த்து, பெரியவர்களைக் கலந்து, தொட்டிலில் இடும் நாளில் காதில் மூன்று முறை சொல்லிப் பெயர் வைப்பதைக் கண்டு வளர்ந்தவள் நான். இங்கோ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவதே வழக்கம். அதே படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால், இங்கே அடையாள எண்ணாகப் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கும் குழந்தையின் பெயரில் விண்ணப்பித்ததாகிவிடும். பெயரில்லாத குழந்தைக்கு அந்த எண் தரப்படுவதில்லை.

இந்த விண்ணப்பங்களிலிருந்துதான் நாட்டின் பெயர்ப் பட்டியலே உருவாகிறது. அந்த எண்ணை வழங்கும் அரசுத் துறையான சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும், பெரும்பாலும் மே மாதத்தில், முந்தைய ஆண்டில் பிறந்த குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர்களை வெளியிடுகிறது. 1880 முதலான கணக்கு அதில் கிடைக்கிறது. அந்தத் துறையில் பணிபுரிந்த மைக்கேல் ஷேக்கில்ஃபோர்ட் என்ற காப்பீட்டுக் கணிப்பாளர் 1997-இல் இணையத்தில் ஏற்றிய பட்டியலே இன்றைய வடிவத்துக்கு முன்னோடி. பிரசவத்துக்கு முந்தைய மாதங்களில் நான் அதைப் பஞ்சாங்கம் பார்ப்பதைப் போலப் புரட்டிக்கொண்டிருந்தேன். லியாம், நோவா, ஒலிவியா, எம்மா என்று மேல் வரிசையில் இருப்பவை எல்லாமே பழைய பெயர்கள். என்னை நிறுத்தி வைத்தது வேறொரு பெயர்.

சான் டியேகோவில் நான் உதவியாளராக வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தில், பைகளை மாட்டும் கொக்கிகளுக்கு மேல் ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டுகளில் ஒன்று 'நெவேயா'. நிவேதாவுக்கு உறவு போலக் காதில் விழும் அந்தப் பெயர் எந்த மொழியைச் சேர்ந்தது என்று அவளுடைய தாயிடம் ஒரு மாலையில் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், சீட்டின் மேல் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக விரலை மெல்ல நகர்த்தினார். எச், இ, ஏ, வி, இ, என். சொர்க்கத்தைக் குறிக்கும் 'ஹெவன்' என்ற ஆங்கிலச் சொல்லே தலைகீழாக நின்று பெயராகியிருந்தது.

இதற்கு வேர்ச்சொல் ஆராய்ச்சி தேவையில்லை. பிறந்த கதை ஏறக்குறைய ஆவணமாகவே இருக்கிறது. 1999-இல் இந்தப் பெயர் நாடு முழுவதும் 8 பெண் குழந்தைகளுக்குத்தான் வைக்கப்பட்டது. 2000-இல், சான் டியேகோவைச் சேர்ந்த 'பி.ஓ.டி.' என்ற கிறிஸ்தவ ராக் இசைக்குழுவின் பாடகர் சன்னி சாண்டோவல், எம்.டி.வி. என்ற இசைத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சி ஒன்றில் தம் கைக்குழந்தையோடு தோன்றி, அவளுடைய பெயரையும் அது எப்படி அமைந்தது என்பதையும் சொன்னார். மறு ஆண்டே 1,191 குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டு, பட்டியலில் 266-ஆம் இடம் பிடித்தது. 2005-இல் எண்ணிக்கை 4,457 ஆகி, 70-ஆம் இடத்துக்கு உயர்ந்தது. 2010-இல் 25-ஆம் இடம். கடைசி எழுத்துகளில் 'ஏ'யும் 'இ'யும் இடம் மாறிய வடிவம்கூடச் சில ஆண்டுகள் முதல் 1000 பெயர்களுக்குள் இருந்தது. அதைத் திருப்பிப் படித்தால் சொர்க்கம் கிடைக்காது. ஆனால் பட்டியல் எழுத்துக்கூட்டலைத்தான் பார்க்கும், பொருளைப் பார்க்காது என்பதால் அதற்குத் தனிக் கணக்கு.

சுவிசேஷ கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களிலும் இந்தப் பெயர் வேரூன்றியது. கேலிக்கும் பஞ்சமில்லை. படித்த, வசதியான வட்டாரங்களில் இதைக் குறிப்பிடும்போது உதட்டோரம் தோன்றும் சிரிப்பை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானதுதான். பாட்டன் பூட்டன் பெயரில்லை, புராணத்தில் இல்லை, நிகண்டில் இல்லை என்று நம் வீடுகளில் புதுப்பெயர்களைத் தள்ளுகிற சிரிப்பும் இதுவே. இத்தனைக்கும் பெயர்ப் புத்தகங்களில் வாயில் நுழைந்த ஓசைக்கெல்லாம் 'இறைவனின் அருள்' என்று பொருள் எழுதி வைத்திருப்பதை நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம். நெவேயாவின் பொருளையாவது எவரும் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் இந்த வித்தை பலிக்குமா என்று அன்றிரவு கணவரும் நானும் காகிதமும் கையுமாக உட்கார்ந்தோம். சொர்க்கத்தைத் திருப்பினால் முதலில் வருவது புள்ளி வைத்த 'ம்'. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று இலக்கணம் அப்போதே கதவை அடைத்துவிடுகிறது. உயிரும் மெய்யும் ஒட்டிக்கொண்ட நம் எழுத்தில் முன்னும் பின்னும் ஒன்றாக ஒலிக்கச் செய்வதற்குத் தனிப் புலமை வேண்டும். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் அப்படி மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். எங்கள் புலமை 'விகடகவி'யைத் தாண்டவில்லை.

எங்கள் நெருக்கடி வேறு வகையானது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல மாயா, லீலா, கிரண் என்று இரண்டு பக்கமும் சேதாரமில்லாமல் ஒலிக்கும் பெயர்களை நாடுவது ஏன் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் எனக்கு 'ழ' உள்ள பெயர் வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தது. கலிபோர்னியாவில் பிறப்புச் சான்றிதழில் அப்போது ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்கு மட்டுமே இடமிருந்தது. பக்கத்து வீட்டு மெக்சிகோக் குடும்பமே தங்கள் மகன் பெயரில் 'ஓ'வின் மேல் இட வேண்டிய கோட்டை இழந்திருந்தது. 'ழ'வுக்கு என்ன செய்வது? 'இசட்' போட்டால் பள்ளியில் 'ஸ' ஆகும், 'எல்' போட்டால் நாங்களே 'ல' என்று படிக்கத் தொடங்கிவிடுவோம். கடைசியில் 'எல்'லை இரட்டித்து, வேறு எவரும் எழுதாத முறையில் ஒன்றை எழுதிக் கொடுத்தோம்.

நெவேயா இப்போது முதல் 100 பெயர்களுக்கு வெளியே போய்விட்டது. எங்கள் மகளின் பெயர் எந்த வரிசையிலும் இல்லை. ஓர் ஆண்டில் ஐவருக்கும் குறைவாக வைக்கப்படும் பெயர்களை, தனியுரிமை கருதி அந்த நிர்வாகம் வெளியிடுவதில்லை. எட்டுப் பேரோடு தொடங்கிய நெவேயாவுக்குக் கிடைத்த வரிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று கணவர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். என் மாமியாருக்கோ, அரசாங்கத்தின் பட்டியலில் பேத்தியின் பெயர் விடுபட்டிருப்பதை யாரிடமாவது முறையிட்டுச் சேர்க்க வேண்டாமா என்ற கவலை இன்னும் தீரவில்லை.