வைசாலியில் கேட்ட பிரித்

ஐம்பது வயதில் பேய்க்குப் பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் தெருமுனைப் புளியமரத்தைத் தாண்டும்போதெல்லாம் வாய் தானாகக் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுக்கும். அதிலும் முன்பாதியை விட்டுவிட்டு, பில்லி சூனியம் வருகிற இடத்துக்கு நேராகத் தாவிவிடுவேன். இன்றைக்கும் வெளியூரில் தனி அறை என்றால் விளக்கை எரியவிட்டுத்தான் படுப்பேன்.

போன மார்கழியில் பாட்னாவிலிருந்து, புத்தர் காலத்துப் பழைய ஊரான வைசாலிக்குப் போயிருந்தேன். கங்கையைக் காந்தி சேதுவில் கடந்து, ஹாஜிப்பூர் வாழைத்தோப்புகளைத் தாண்டிப் போகிற வழி. ஒரே பனிமூட்டம். வைசாலியை ஒட்டிய கொல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கம் உட்கார்ந்திருக்கும் தூணும் பக்கத்துச் செங்கல் தூபியும் பத்து மணிக்கு மேல்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

தூபியருகே வெள்ளை உடுத்திய இலங்கை யாத்திரிகர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிக்குவின் கையில் தொடங்கிய வெள்ளை நூல், தண்ணீர்க் குடத்தின் கழுத்தைச் சுற்றி, ஒவ்வொருவர் கையாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரமாக நின்ற என்னிடம் ஒரு பெரியவர் நூல்முனையை நீட்டினார். "பிடிங்க மகள்." கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்த சிங்களவராம், நல்ல தமிழ். "இந்த ஊருக்காகவே சொன்ன பிரித் இது" என்றார். பிரித் என்றால் பௌத்தர்கள் காப்புக்காக ஓதும் சூத்திரம்.

பௌத்த உரைநூல்கள் சொல்லும் கதை அது. வைசாலியில் பஞ்சம். பிணவாடைக்குத் தீய சக்திகள் ஊருக்குள் புகுந்தன, பின்னாலேயே கொள்ளைநோய். ஊரை ஆண்ட லிச்சவியர்கள் ராஜகிருகத்திலிருந்த புத்தரை அழைத்துவர, அவர் தன் சீடர் ஆனந்தருக்கு ரத்தின சூத்திரத்தைக் கற்றுத்தந்தார். ஆனந்தர் அதைச் சொல்லிக்கொண்டே, புத்தரின் பாத்திரத்திலிருந்த நீரைத் தெளித்தபடி இரவெல்லாம் ஊரைச் சுற்றிவந்தார்.

விரட்டுகிற மந்திரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். "யானீத பூதானி ஸமாகதானி" என்று பிக்குகள் தொடங்கினார்கள். பூதம் என்ற சொல் காதில் விழுந்ததும் நூலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பெரியவர்தான் பொருள் சொன்னார். இங்கே கூடியிருக்கும் பூதங்களே, தரையில் இருந்தாலும் வானத்தில் இருந்தாலும் எல்லோரும் மகிழ்ந்திருங்கள், சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். இரவும் பகலும் உங்களுக்குப் படையல் வைக்கிற இந்த மனிதர்களிடம் அன்பாயிருங்கள், அவர்களைக் காப்பாற்றுங்கள். அவ்வளவுதான். கட்டு, அடி, ஓட்டு எதுவும் இல்லை. கவசத்தில் பேய்கள் அலறி ஓடும், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஆனால் சுடலைமாடனுக்குக் கொடை கொடுத்து, 'எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்' என்று கேட்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சூத்திரம் உடனே புரிந்துவிடும்.

அடுத்து மெத்த சூத்திரம். பாலியில் 'மெத்த' என்றால் அன்பு. அதன் கதையைக் கேட்டபோது புளியமரம்தான் ஞாபகம் வந்தது. மழைக்காலத்தைக் கழிக்கக் காட்டுக்குப் போன பிக்குகள் மரத்தடியில் தங்குகிறார்கள். துறவிகள் கீழே இருக்கும்போது மேலே குடியிருக்கக் கூசி, மரத்துத் தேவதைகள் பிள்ளைகுட்டிகளோடு இறங்கி வெளியே நிற்கின்றன. இரண்டு நாளில் போய்விடுவார்கள் என்று பார்த்தால் போகிற வழியாக இல்லை. அதன் பிறகுதான் கோர உருவம், துர்நாற்றம் எல்லாம். பயந்துபோன பிக்குகள் புத்தரிடம் ஓடினார்கள். அவர் இந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்து, அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். நாற்பது வருடமாக நான் பயந்த மரத்தில், பயப்பட வேண்டிய கட்சி எது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முடிந்ததும் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். குடித்துவிட்டு மீதியைத் தலையில் தடவிக்கொண்டேன், பனியில் பல் கிட்டியது. நூலைத் துண்டு துண்டாக நறுக்கி மணிக்கட்டில் கட்டிவிட்டார்கள்.

அன்றிரவு பாட்னா லாட்ஜில் ஜன்னலுக்கு வெளியே ஒரு அரசமரம். விளக்கை அணைத்துவிட்டு, "எல்லோரும் நன்றாயிருங்கள், நான் நாளைக் காலையில் கிளம்பிவிடுவேன்" என்று மெதுவாகச் சொன்னேன். குளியலறை விளக்கை மட்டும் அணைக்கவில்லை.