பொடக்காளி டைரி: மாசியும் பங்குனியும்

பிப்ரவரி 14, 2025, வெள்ளி

இன்னிக்கு ஜிபிபிசி ஆரம்பம், கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட். வருஷா வருஷம் பிப்ரவரியில நாலு நாள் நடக்குற கணக்கெடுப்பு, 1998ல அமெரிக்காவுல கார்னெல் லேப், ஆடுபான் சொசைட்டின்னு ரெண்டு பறவை அமைப்புங்க சேர்ந்து ஆரம்பிச்சது, 2013லருந்து உலகம் பூரா. குறைஞ்சது கால் மணி நேரம் பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட்ங்கற வெப்சைட்ல ஏத்தணும், அவ்வளவுதான். எல்லாரும் குளம் குளமா கிளம்பிட்டாங்க, நான் வீட்டுப் பொடக்காளியிலயே, அதான் கொல்லைப்புறத்துல, சேர் போட்டு உக்காந்துட்டேன். கோயமுத்தூர்கிட்ட தொண்டாமுத்தூர்ப் பக்கம் வீடு, பின்னாடி ஒரு முருங்கை, ஒரு வேம்பு, புங்கன், எலுமிச்சை, வேலியோரம் கல்யாண முருங்கை. இதுக்கு மேல என்ன வேணும்.

கல்யாண முருங்கை இலையெல்லாம் கொட்டிட்டு செக்கச்செவேல்னு பூத்து நிக்குது. காலைல ஏழரை மணிக்கு அங்க ஒரு சந்தையே நடக்குது, ஊதாத் தேன்சிட்டு, மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவிக் கூட்டம், நடுவுல அணிலுங்க வேற. தவிட்டுக்குருவி தேன் குடிக்கும்னு நிறைய பேருக்குத் தெரியாது, மூஞ்சி முழுக்க மகரந்தம் அப்பிக்கிட்டு வந்து நின்னுச்சு, அதைப் படம் எடுத்தேன், நல்லா வந்திருக்கு.

பிப்ரவரி 16, ஞாயிறு

டுக் டுக் டுக் டுக். விடிஞ்சதுலருந்து இதே சத்தம். செம்மார்புக் குக்குறுவான். பனி இருந்தப்ப எப்பயாச்சும் கத்திட்டு இருந்தது, இப்ப மூச்சு விடாம கத்துது. இதைத் தேடிக் கண்டுபிடிக்கிறது பெரிய தலைவலி, ஏன்னா கத்துறப்ப வாயைத் திறக்காது, தொண்டையை மட்டும் உப்பிக்கிட்டு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும், அதனால சத்தம் ஒரு தடவை வேம்புல கேக்கும் ஒரு தடவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேக்கும், ஆளு இருக்கிறது என்னவோ ஒரே கொப்புலதான்.

ஒரு வழி இருக்கு. காலைல வெயில் ஏறுறப்ப மொட்டைக் கொப்பு எதுன்னு பாத்து அதோட உச்சியைப் பாருங்க. குளிர் காய அங்கதான் வந்து உக்காரும். நெத்தியில ஒரு சிவப்பு, தொண்டைக்குக் கீழ ஒரு சிவப்பு, கண்ணைச் சுத்தி மஞ்சள், கைக்குள்ள அடங்குற குருவிக்கு இவ்வளவு பெயிண்ட். பின்னாடி வெளுத்த வானம்ங்கிறதால கேமராவுல எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, ஒரு ஸ்டாப் ஏத்தி வெச்சேன், இல்லேன்னா பறவை கரிக்கட்டையா விழும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அதே குக்குறுவான் ஜோடியா வந்து முருங்கையோட பட்டுப்போன கொப்புல ஓட்டை போட ஆரம்பிச்சிருக்கு! முருங்கைக் கட்டை மெத்துனு இருக்கும், அதனால இதுங்களுக்கு ரொம்பப் புடிக்கும். ஆணும் பொண்ணும் மாத்தி மாத்திக் கொத்துது, எது ஆண் எது பொண்ணுன்னு நிறத்தை வெச்சு சொல்ல முடியாது, ரெண்டும் ஒரே மாதிரி. கொப்போட அடிப்பக்கம் பாத்த மாதிரி ஓட்டை வருது, மழைத்தண்ணி உள்ள போகாது.

இதுல ஒரு சிக்கல். அந்தக் கொப்பு தகரக் கூரைக்கு நேர் மேல. அப்பா போன மாசமே வெட்டணும்னு சொல்லிட்டு இருந்தாரு. இன்னிக்கு அருவாளோட வந்துட்டாரு. "ஏனுங்ப்பா, குருவி கூடு வெக்குது, சித்திரை வரைக்கும் விடுங்க"ன்னு கேட்டேன். "காத்தடிச்சு தகரத்து மேல விழுந்தா நீ மாத்திக் குடுப்பியா"ன்னாரு. அம்மிச்சி திண்ணைல இருந்தே ஒரே போடு, "வாயில்லாச் சீவன் குடியேறிருச்சு, அருவாளை உள்ள கொண்டுபோய் வைங்க மாப்ள." மாமியார் சொன்னா அப்பா பேச மாட்டாரு. கொப்புக்கு அடியில ஒரு மூங்கிலை முட்டுக் குடுத்துக் கட்டிட்டோம்.

மார்ச் 1, சனி

ஆண் ஊதாத் தேன்சிட்டு பைக் கண்ணாடியோட சண்டை போடுது. உள்ள தெரியுறது வேற ஒரு ஆண்னு நினைச்சுக்கிட்டு கொத்து கொத்துன்னு கொத்துது. வீடியோ எடுத்துப் போட்டா லைக் அள்ளும், ஆனா அது கூட்டைக் காவல் காக்க வேண்டிய தெம்பை இதுல வீணாக்குது, அதனால கண்ணாடி மேல மஞ்சப்பையை மாட்டிட்டேன். அரை மணி நேரத்துல மறுபடி பூவுக்குப் போயிருச்சு.

இந்த ஆண் பொங்கல் சமயத்துல பொண்ணு மாதிரி மஞ்சளா, நெஞ்சுல ஒரு கறுப்புக் கோடு மட்டும் போட்டுட்டுத் திரிஞ்சது. இப்ப முழுசா மாறிருச்சு. நிழல்ல பாத்தா வெறும் கறுப்பு, வெயில் நம்ம முதுகுப்பக்கம் இருந்தா ஊதா, நீலம், பச்சைன்னு ஜொலிக்கும். அந்த ஜொலிப்பு சாயம் கிடையாது, இறகோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுத் திரும்புற விதம், அதனால கோணம் மாறினா நிறம் போயிரும். லட்ச ரூபா லென்ஸ் வெச்சு மத்தியானம் எடுக்கிறதை விட பழைய 55-250 எம்எம் லென்ஸை வெச்சு காலைல எட்டு மணிக்கு சரியான பக்கம் உக்காந்து எடுத்தா படம் நல்லா வரும், இதை எத்தனை பேர்கிட்ட சொன்னாலும் முதல் கேள்வி என்ன கேமராங்கறதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

எலுமிச்சைச் செடில புழு. பறவை எச்சம்னு நினைச்சு தாண்டிப் போயிருவோம், கறுப்பும் வெள்ளையுமா அச்சு அசலா அப்படியே இருக்கும், அதுதான் அதோட பொழைப்பு. பக்கத்து இலையில அதே ஜாதி, ஆனா வளர்ந்து பச்சையா மாறினது. லேசா சீண்டினா தலைக்குப் பின்னாடிருந்து கவட்டை மாதிரி ஒரு கொம்பை நீட்டி நாத்தம் விடும். நான் சீண்டல, எறும்பு ஏறினப்ப தானா நீட்டுச்சு, அதை எடுத்துட்டேன். அம்மா மருந்தடிக்கலாமான்னு கேட்டாங்க. பத்து இலை போனாப் போகுது, செடி தாங்கும்.

மார்ச் 15, சனி

வேலிக்குள்ள இருந்து டக்... டக்னு சொடுக்குப் போடுற மாதிரி ஒரு சத்தம் ஐப்பசியிலருந்து கேக்குது. பிளித் நாணல் கதிர்க்குருவி. பழுப்பு நிறம், ஒரு கோடு இல்ல, புள்ளி இல்ல, கொண்டை இல்ல. போட்டோ போட்டா சிட்டுக்குருவியான்னு கேப்பாங்க. ஆனா இந்தப் பொடக்காளியிலயே ரொம்பத் தூரத்துலருந்து வந்த ஆளு இதுதான், பின்லாந்து, ரஷ்யான்னு அந்தப் பக்கம் முட்டையிட்டுட்டு குளிருக்கு இங்க வருது, ஏப்ரல்ல கிளம்பிரும். எல்லாரும் மயிலு, மீன்கொத்தின்னு எடுக்கிறாங்க, எனக்கு இந்த சீசன்ல ஒரே ஒரு ஃபிரேம் கிடைக்கும்னா அது இதுவா இருக்கணும். இன்னிக்கு வேலிக்குக் கீழ மண்சட்டில தண்ணி வெச்சு தரையோட தரையா படுத்துட்டேன். பத்து மணிக்கு மேல குளிக்க வந்துச்சு. ஷட்டர் வேகம் 1/1000 செகண்ட், தண்ணித்துளி நிக்குது, கண்ணு ஷார்ப்பா விழுந்திருக்கு.

தண்ணி வெக்கிறவங்க சட்டி ஆழமில்லாம வைங்க, தினமும் கொட்டி மாத்துங்க, இல்லேன்னா கொசுதான் பெருகும்.

மார்ச் 20, வியாழன்

சிட்டுக்குருவி தினம். வாட்ஸப் முழுக்க குருவிப் படம். எங்க பொடக்காளில ஒண்ணும் வரல, மளிகைக் கடைப் பக்கம் நிறைய இருக்கு.

மார்ச் 30, ஞாயிறு

புங்கன் முழுக்க கொழுந்து. வேம்பு பூக்க ஆரம்பிச்சிருச்சு. கரட்டான், அதான் ஓணான், ஒண்ணு வேலிக்கல்லு மேல தலையெல்லாம் சிவந்து போய் தண்டால் எடுத்துட்டு இருக்கு, எதுத்த கல்லுல இன்னொண்ணு. குயில் நாலரை மணிக்கே ஆரம்பிச்சிருது, பக்கத்து வீட்டு அக்கா அதைத் திட்டாத நாளில்ல.

துணி காயப்போடுற கம்பில ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கூடு தொங்க விட்டிருக்கு, சிலந்தி வலை, காஞ்ச சருகு, பட்டைத் தூள் எல்லாம் ஒட்டி, பாத்தா குப்பை தொங்குற மாதிரிதான் தெரியும். தெரிஞ்ச தம்பி ஒருத்தன் கேமராவோட வந்தான், மறைக்குற இலையை லேசா ஒதுக்கிக் கட்டிக்கட்டுமாண்ணு கேட்டான். வேண்டாம்னுட்டேன், அவனுக்கு மூஞ்சி தொங்கிருச்சு. அந்த இலைதான் அதுக்கு வெயிலுக்குக் கூரை. அதுவுமில்லாம காக்கா நம்மளையேதான் பாத்துட்டு இருக்கும், மனுசன் எங்க போய்ப் போய் எட்டிப் பாக்குறான்னு அதுக்குத் தெரியும், நாம போனதும் அது வரும். கூட்டுப் படம் எடுக்கவே கூடாதுங்கறதுதான் என் கட்சி. அம்மா அன்னிலருந்து துணியை மாடியில காயப்போடுறாங்க.

ஏப்ரல் 12, சனி

முருங்கையில குக்குறுவான் குஞ்சு பொரிச்சாச்சு. ரெண்டு நாளா ரெண்டும் வாயில பூச்சியோட உள்ள போகுது, வெறும் வாயோட வெளிய வருது. வளர்ந்த குக்குறுவான் பழந்தின்னி, ஆனா குஞ்சுக்குப் பூச்சியும் குடுக்கும். நான் கிணத்து மேடைல தூரமா உக்காந்து அதுங்க வர்ற வழியை மட்டும் எடுக்கிறேன், ஓட்டைக்கு நேரா கேமராவை நீட்டுறதில்ல.

கதிர்க்குருவி சத்தம் இந்த வாரம் நின்னுருச்சு. சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விசில், ஆறுமணிக்குருவி! குளிருக்கு நம்ம பக்கம் இருந்துட்டு வடக்க போற வழியில இருக்கும். கேமரா எடுக்கப் போகல, அது எப்படியும் குப்பைக்குள்ள நிக்கும், இருட்டிட்டும் வந்துச்சு.

நாளன்னிக்கு சித்திரை ஒண்ணு. அப்பா காலைலயே கேட்டாரு, "கெடு முடியுது, கொப்பை எப்ப வெட்டறது?" குஞ்சு வெளிய வர இன்னும் சில வாரம் ஆகும்னு சொன்னேன். "அப்ப வைகாசியா"ன்னு கேட்டுட்டு, மூங்கில்ல கட்டின கயிறு இத்துப்போச்சுன்னு புதுக்கயிறு வாங்கிட்டு வரச் சொன்னாரு.