நீங்க கேக்குற பாட்டுக்கு எந்த சப்வூஃபர் பாக்ஸ்?

கார்ல சப்வூஃபர், அதாவது பேஸுக்குன்னே தனி ஸ்பீக்கர், போடணும்னு யார் கேட்டாலும் முதல் கேள்வி 10 இன்ச்சா 12 இன்ச்சா, எத்தனை வாட்ஸ் ஆம்ப் வேணும், இதுதான். நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணு, கார்ல தினமும் என்ன பாட்டு ஓடும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சில பேர் பாப்பாங்க. ஆனா ஒரே டிரைவர் (பாக்ஸுல மாட்டுற ஸ்பீக்கரைத்தான் டிரைவர்னு சொல்றோம்), ஒரே ஆம்ப் வச்சுக்கிட்டு பாக்ஸை மட்டும் மாத்தி பாருங்க, ஹிப்ஹாப்ல சீட்டையே ஆட்டுன அதே சிஸ்டம் ஹெவி மெட்டல் பாட்டு போட்டதும் கொழகொழன்னு ஆயிடும், மெட்டல்ல கச்சிதமா அடிச்ச பாக்ஸ் ஹிப்ஹாப் வந்ததும் என்னடா இவ்வளவுதானான்னு இருக்கும். டிரைவர் வாங்க ஒரு மாசம் ரிவ்யூ படிக்கிறவங்க பாக்ஸை மட்டும் கடையில எது ரெடியா இருக்கோ அதை எடுத்து மாட்டிடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தமா இருக்கும்.

பாட்டுக்குள்ள பேஸ் எங்க இருக்குன்னு முதல்ல பாத்துடலாம். நாலு கம்பி பேஸ் கிட்டார்ல ரொம்ப கீழ இருக்குற சுரம் 41 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 41 தடவை ஆடுது), அஞ்சு கம்பின்னா 31 வரைக்கும் இறங்கும், பியானோவோட கடைசி கட்டை 27.5. காலால மிதிச்சு அடிக்கிற கிக் டிரம்மோட கனம் பொதுவா 50ல இருந்து 80க்குள்ள இருக்கும், ஆனா அந்த கிக் டக்குனு காதுல படுதே அந்த முனை 2000, 3000 ஹெர்ட்ஸ்ல இருக்கு, அது சப்ல இருந்து வரவே வராது, கதவு ஸ்பீக்கர்ல இருந்துதான் வரணும். ஹிப்ஹாப், டிராப் பக்கம் போனா ரோலண்ட் கம்பெனி 1980ல விட்ட டிஆர்-808 டிரம் மெஷினோட கிக், அதோட வாரிசுங்க, இதுதான் எங்க பாத்தாலும். கிட்டத்தட்ட சுத்தமான சைன் அலை அது, அதாவது ஒரே ஒரு ஹெர்ட்ஸ் மட்டும் ஒலிக்கிற வழுவழுப்பான சத்தம், அதை நீட்டி இழுத்து பேஸ் லைனாவே வாசிக்கிறாங்க, பெரும்பாலும் 30ல இருந்து 60க்குள்ள சுத்தும், ஒரே அடி ஒரு செகண்டைத் தாண்டியும் நின்னு ஒலிக்கும்.

இப்போ மெட்டலுக்கு வாங்க. நிமிஷத்துக்கு 200 பீட் வேகத்துல ரெண்டு காலாலயும் கிக் டிரம்மை மாத்தி மாத்தி மிதிச்சு டபுள் பேஸ் போட்டா, பீட்டுக்கு நாலு அடின்னு வச்சா செகண்டுக்கு 13 அடிக்கு மேல, அதாவது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 75 மில்லிசெகண்ட்தான். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுத்து முடிக்கவே 20 மில்லிசெகண்ட் ஆகும். அப்போ நாலு சுத்து கூட முழுசா முடியாது, அதுக்குள்ள அடுத்த அடி வந்து நிக்குது. இந்த இடத்துல உங்க பாக்ஸ் ஒரு அடிக்கு அப்புறம் இன்னும் ரெண்டு மூணு சுத்து சேத்து ஆடிக்கிட்டே இருந்துச்சுன்னா ஒரு அடி இன்னொரு அடி மேல ஏறி, எல்லாம் சேந்து ஒரே உறுமலா போயிடும். 808 பாட்டுல அதே பாக்ஸ் அதே ரெண்டு சுத்து கூடுதலா ஆடினா யாருக்குமே தெரியாது, சொல்லப்போனா நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

அதனால பாக்ஸை பத்தி யோசிக்கும்போது எனக்கு ரெண்டு விஷயம்தான் முக்கியம், எந்த ஹெர்ட்ஸ்ல தூக்கி கொடுக்குது, அடி முடிஞ்சதும் எவ்வளவு சீக்கிரம் வாயை மூடுது.

சீல்டு பாக்ஸ், அதாவது ஓட்டையே இல்லாம மூடினது, எடுத்துக்கிட்டா உள்ள அடைஞ்சிருக்குற காத்தே கோனுக்கு (டிரைவர்ல முன்னும் பின்னும் ஆடுற பகுதி) ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யுது, கோனை இழுத்து பிடிச்சுக்கும், கண்டபடி ஆட விடாது. கீழ போகப் போக சத்தம் ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு தடவையும், 12 டெசிபல்னு மெதுவா குறையும். இங்க ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு, சீல்டுன்னாலே டைட்டுன்னு. அப்படி இல்ல. பாக்ஸும் டிரைவரும் சேந்து வர்ற க்யூடிசின்னு ஒரு எண் இருக்கு, அது 0.7 பக்கம் இருந்தா சமமா, சுத்தமா இருக்கும், இடம் இல்லேன்னு பாக்ஸை சுருக்கிக்கிட்டே போனா அது 1ஐ தாண்டிடும், அப்போ சீல்டு பாக்ஸே 60, 70 ஹெர்ட்ஸ்ல ஒரு மேடு போட்டு பூம் பூம்னு அடிக்கும். நிறைய 12 இன்ச் டிரைவருக்கு 28ல இருந்து 35 லிட்டர் வரைக்கும் கேப்பாங்க, சீட்டுக்கு அடியில சொருகணும்னு அதை 18 லிட்டர்ல அடைச்சா அது சீல்டுங்கிற பேருக்கு சீல்டு, அவ்வளவுதான். உள்ள கொஞ்சம் ஃபைபர் பஞ்சு வச்சா டிரைவருக்கு பாக்ஸ் சற்று பெருசா இருக்குற மாதிரி தெரியும், அது உதவும், ஆனா பாதி பாக்ஸை முழு பாக்ஸ் ஆக்காது.

போர்ட்டட் பாக்ஸ் வேற ஜாதி, அதுல போர்ட்னு ஒரு குழாய் வெளிய திறந்திருக்கும். காலி பாட்டில் வாயில ஊதினா ஒரே ஒரு சுரத்துல ஊம்னு ஒலிக்குமே, அதே சங்கதிதான், பாக்ஸுக்குள்ள இருக்குற காத்தும் போர்ட்டுல இருக்குற காத்தும் சேந்து ஒரு ஹெர்ட்ஸ்ல தானா ஆடும், அதை நாம போர்ட்டோட நீளம் அகலம் வச்சு டியூன் பண்றோம். அந்த டியூனிங் ஹெர்ட்ஸ்ல கோனை பாத்தீங்கன்னா கிட்டத்தட்ட அசையாம நிக்கும், சத்தம் முழுக்க போர்ட்டுல இருந்து வரும், முதல் தடவை பாக்கும்போது நம்பவே முடியாது. அந்த இடத்துல சீல்டை விட நல்லாவே சத்தம் கூடுது, அதே ஆம்ப்ல. பதிலுக்கு டியூனிங்குக்கு கீழ போனா ஆக்டேவுக்கு 24 டெசிபல்னு செங்குத்தா விழும், கோனை பிடிச்சு நிறுத்த காத்தே இல்லாத மாதிரி ஆகி அது இஷ்டத்துக்கு வெளிய துள்ளும், ரொம்ப கீழ இருக்குற ஹெர்ட்ஸை வெட்டுற சப்சானிக் ஃபில்டர் போடலேன்னா டிரைவர் அடிபட்டுடும். போர்ட் சின்னதா வச்சா காத்து உஸ் உஸ்னு சத்தம் போடும், பெருசா வச்சா அதே டியூனிங்குக்கு நீளமும் கூடணும், டிக்கியில இடம் போயிடும். அடி முடிஞ்சப்புறமும் டியூனிங் பக்கத்துல கொஞ்ச நேரம் ஆடிக்கிட்டு இருக்குற குணம் இதுக்கு பொறப்புலயே உண்டு, மெட்டல்காரங்க சீல்டை தேடி போறதுக்கு காரணமே அதுதான்.

டியூனிங் எங்க வைக்கிறோம்னு பாக்குறதுதான் போர்ட்டட்ல உயிர். தினசரி கேக்க 32, 34 ஹெர்ட்ஸ் பக்கம் வச்சா 808க்கு தேவையான இடம் முழுக்க கிடைக்கும், பாட்டு பாட்டுக்கு பேஸ் மாறும். ரெடிமேட் பாக்ஸ் பல சமயம் 40க்கு மேல, 45 பக்கம் டியூன் ஆகி வரும், சின்ன பாக்ஸுலயே சத்தமா கேக்கணுமே, கடையில டெமோ போட்டா ஆஹான்னு இருக்கும். ஆனா பேஸ் கிட்டார்ல அடி கம்பியில வர்ற முதல் நாலு சுரம் 41, 44, 46, 49 ஹெர்ட்ஸ், இது நாலும் அந்த பாக்ஸ்ல வெடிக்கும், அதே லைன்ல 65க்கு ஏறுற சுரம் பதுங்கிடும். வாசிச்சவர் எல்லாத்தையும் ஒரே அழுத்தத்துல வாசிச்சிருப்பாரு, உங்க கார்ல மட்டும் பாதி சுரம் கத்தும் பாதி சுரம் முனகும். எந்த பாட்டு போட்டாலும் ஒரே மாதிரி பேஸ் வருதுன்னா அது பாட்டோட பேஸ் இல்ல, பாக்ஸோட சுரம்.

கார்னு சொல்லும்போது இன்னொரு விஷயம் சேருது, வீட்டு ஹால்ல வச்சு கேக்குற கணக்கு இங்க செல்லாது. 30 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 11 மீட்டருக்கு மேல, கார் உள்ள மொத்தமே ரெண்டரை மூணு மீட்டர், அலைக்கு ஓட இடமே இல்லாததால உள்ள இருக்குற மொத்த காத்தையும் சப் அழுத்தி அழுத்தி விடுது. அதனால சுமார் 60 ஹெர்ட்ஸுக்கு கீழ போகப் போக கார் தானாவே பேஸை கூட்டும், கேபின் கெயின்னு சொல்றது இதைத்தான். கணக்குப்படி ஆக்டேவுக்கு 12 டெசிபல் ஏறணும், நிஜத்துல கதவு, கூரை எல்லாம் அதிர்ந்து காத்து கசியறதால அதை விட குறைவாதான் ஏறும். ஆனா பாருங்க, சீல்டு பாக்ஸ் ஆக்டேவுக்கு 12 இறங்குது, கார் கிட்டத்தட்ட அதே அளவு ஏத்துது, ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டி சீல்டு பாக்ஸ் கார்ல 25, 30 வரைக்கும் சமமா இறங்கிடும். எனக்கு இந்த முழு விஷயத்துலயும் ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். பேப்பர்ல சப்பையா தெரியுற பாக்ஸ் கார்ல உக்காந்து கேட்டா அவ்வளவு ஆழமா இருக்கும். பேப்பர்ல நேர்கோடா தெரியுற போர்ட்டட் பாக்ஸ் கார்ல 35, 40ல ஒரு குன்றை தூக்கி வச்சிடும்.

ஜாஸ்ல டபுள் பேஸ்னு பெரிய வயலின் மாதிரி இருக்குற கருவி நடந்து போற மாதிரி ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு சுரம்னு ஏறி இறங்கும், அதுக்கு க்யூடிசி குறைவா இருக்குற சீல்டுதான் என் தேர்வு, கம்பியில விரல் பட்டு விடுபடுற இடம் வரைக்கும் கேக்கணும். மிருதங்கம் இன்னும் கடினமான பரீட்சை. தொப்பி பக்கம் கையை அழுத்தி கும்கி கொடுக்கும்போது சுரம் ஒரு இடத்துல நிக்காம வழுக்கி மேல போகும், தபேலாவுல இடது கையும் அப்படித்தான், பாக்ஸ்ல எங்கயாவது மேடு இருந்தா அந்த வழுக்கல்ல ஒரு இடம் மட்டும் புடைச்சிக்கிட்டு கேக்கும், வித்வான் கொடுத்த நளினம் காணாம போயிடும். கர்நாடக சங்கீதம் கேக்குறவங்களுக்கு சப்பே வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க, நான் ஒத்துக்க மாட்டேன், சரியா வச்ச ஒரு 10 இன்ச் சீல்டு அந்த தொப்பிக்கு கொடுக்குற உடம்பை கதவு ஸ்பீக்கரால கொடுக்க முடியாது. ரெகே, டப் கேக்குறவங்களுக்கு பேஸ் லைன்தான் பாட்டே, நீண்டு நிக்கிற சுரம், அங்க பெரிய, கீழ டியூன் பண்ண போர்ட்டட் அருமையா இருக்கும். ஹவுஸ், ஈடிஎம் எல்லாம் 120, 130 பீட் வேகத்துல சீரா ஒரே கிக், அடிக்கும் அடிக்கும் நடுவுல அரை செகண்ட் பக்கம் கிடைக்கறதால போர்ட்டட் சமாளிச்சிடும். பழைய ரெக்கார்டிங் மட்டும் கேக்குறவங்க 30 ஹெர்ட்ஸுக்கு மெனக்கெட வேண்டாம், அதுல பெரும்பாலும் அவ்வளவு கீழ ஒண்ணும் இருக்காது.

பேண்ட்பாஸ் பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கோனே வெளிய தெரியாது, எல்லா சத்தமும் போர்ட் வழியா வரும். ஒரு குறுகின இடத்துல பயங்கர சத்தம், அதுக்கு மேலயும் கீழயும் ஒண்ணும் இல்ல, அதோட டிரைவர் திணறும்போது வர்ற கரகரப்பையும் அதுவே வடிகட்டிடும், எரியுற வரைக்கும் தெரியாது. ஒரே ஸ்டைல் மட்டும் கேக்குறவங்களுக்கு ஓகே, மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

இன்ச் கணக்குக்கு வர்றேன். 15 இன்ச் மெதுவானது 8 இன்ச் வேகமானதுன்னு ஒரு பேச்சு ரொம்ப காலமா இருக்கு, அது சரியில்ல. ஒரே சத்தத்துக்கு ஒரு ஆக்டேவ் கீழ போனா கோன் நாலு மடங்கு தூரம் ஆடணும், 60ல 3 மில்லிமீட்டர் ஆடினா 30ல 12, அப்போ பெரிய கோன் கம்மியா ஆடினா போதும், சுத்தமாவே இருக்கும். வேகம்னு நம்ம காது சொல்றது பெரும்பாலும் அந்த கிக்கோட முனையும் 80ல இருந்து 200 வரைக்குமான இடமும்தான், அதை கொடுக்குறது கதவு ஸ்பீக்கர், அதுவும் சப்பும் சேருற இடம் சரியில்லேன்னா எந்த சப்பும் மந்தமாதான் தெரியும். சின்ன பாக்ஸ், ஆழமான பேஸ், கம்மி பவர்ல பெரிய சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும், ஹாஃப்மன் விதின்னு ஸ்பீக்கர் கட்டுறவங்க சொல்றது இது, எந்த விளம்பரமும் இதை மீற முடியாது. ஸ்பீக்கர் கணக்கை ஆராய்ஞ்ச நெவில் தீல் 1961லயும் ரிச்சர்ட் ஸ்மால் 70கள்லயும் போட்டு கொடுத்த கணக்குலதான் இன்னைக்கும் எல்லா பாக்ஸ் சாஃப்ட்வேரும் ஓடுது, டிரைவரோட பேப்பர்ல எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ்னு அதோட குணத்தை சொல்லி போட்டிருக்குற மூணு எண்ணை அதுல போட்டா அந்த டிரைவர் சீல்டுக்கு பொறந்ததா போர்ட்டட்டுக்கு பொறந்ததான்னு வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

எல்லாம் கலந்து கேக்குறவங்களா இருந்தா என்ன பண்றது? நான் சீல்டு பக்கம்தான், 12 இன்ச், அளவு குறைக்காத பாக்ஸ், 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, கசிவே இல்லாம ஒட்டினது, ஆம்ப் கொஞ்சம் பெருசா. கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்கு கீழ சப்புக்கு போகணும்னு பிரிக்கிற இடம், 80ல ஆரம்பிங்க, பேஸ் பின்னாடி டிக்கியில இருந்து வர்ற மாதிரி தெரிஞ்சா 70, 60னு இறக்குங்க. அப்புறம் சப்போட பாசிட்டிவ் நெகட்டிவ் வயரை மாத்தி மாட்டி ரெண்டையும் கேட்டு பாருங்க, கிக் எதுல கெட்டியா முன்னாடி வருதோ அப்படியே விட்டுடுங்க, கதவு ஸ்பீக்கரும் சப்பும் ஒண்ணை ஒண்ணு வெட்டிக்கிட்டு இருந்தா இது ஒண்ணுலயே பாதி பிரச்சனை தீரும். கடைசியா 30ல இருந்து 80 வரைக்கும் மெதுவா ஏறுற சைன் டோன் ஒண்ணை ஓட விட்டு எங்க புடைக்குதுன்னு கேட்டு, ஈக்வலைசர்ல அந்த மேட்டை வெட்டுங்க. பள்ளத்தை தூக்க போகாதீங்க, 6 டெசிபல் தூக்கினா அந்த இடத்துல ஆம்ப்கிட்ட நாலு மடங்கு பவர் கேக்குறீங்க, போர்ட்டட்ல டியூனிங்குக்கு கீழ தூக்கினா சத்தம் வராது, கோன் மட்டும்தான் ஆடும்.