லீவிங் சர்ட் வரலாறு: ஒரே ஆள், மூன்று படை

அயர்லாந்தில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், பள்ளிப் படிப்பின் இறுதித் தேர்வான லீவிங் சர்ட்டுக்கு வரலாறு எடுப்பது குறைவு. மனப்பாடம் அதிகம், மார்க் வராது என்று வீட்டிலேயே பயமுறுத்திவிடுவார்கள். என்னையும் பயமுறுத்தினார்கள். நான் எடுத்தேன், உயர் நிலைத் தாளில் ஹெச்2, அதாவது மேலிருந்து இரண்டாவது கிரேடு, வந்தது. ஹெச்1 எங்கே தவறியது என்பதையும் சொல்கிறேன்.

மொத்தம் 500 மதிப்பெண். அதில் 100, நாமே தலைப்பு எடுத்து எழுதும் ஆய்வு அறிக்கைக்கு. எழுத்துத் தேர்வுக்கு முன்பே, நிதானமாக எழுதிக் கொடுத்துவிடலாம். நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு, பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த ‘1916 ஈஸ்டர் எழுச்சி’. ஆசிரியர் படித்துவிட்டுச் சிரித்தார். “இது தலைப்பு இல்லைப்பா, நூலகம்.”

அந்த வாரக் கடைசியில் ஐலண்ட்பிரிட்ஜ் பக்கம் நடக்கப் போயிருந்தேன். அங்கே முதல் உலகப் போரில் இறந்த ஐரிஷ் வீரர்களுக்கான நினைவுத் தோட்டம் இருக்கிறது. புது தில்லியை வடிவமைத்த அதே லட்யென்ஸ்தான் இதையும் வடிவமைத்தவர். அந்தப் போரில் பிரிட்டிஷ் படையில் இருந்த ஐரிஷ்காரர்கள் ஏறக்குறைய 2 லட்சம் பேர். பாடப்புத்தகத்தில் இவர்கள் ஒரு அத்தியாயம், கிளர்ச்சிக்காரர்கள் வேறு அத்தியாயம். ஆனால் நாட்காட்டியில் இரண்டும் ஒரே வாரம். 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளினில் எழுச்சி தொடங்கியது. 27ஆம் தேதி பிரான்சில் ஹல்லக் என்ற இடத்தில் 16ஆவது ஐரிஷ் டிவிஷன் மீது ஜெர்மானியர்கள் விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். டப்ளினில் உங்கள் ஆட்களையே ஆங்கிலேயர்கள் சுடுகிறார்கள் என்று எதிர்ப்பக்கப் பதுங்குகுழியில் பலகை எழுதி வைத்து வெறுப்பேற்றினார்களாம்.

சரி, இரண்டு அத்தியாயத்திலும் இருந்த ஒரு ஆள் வேண்டும் என்று தேடினேன். நிறையப் பேர் கிடைத்தார்கள். மெசபடோமியாவில் பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்துவிட்டு, பிறகு மேற்குக் கார்க்கில் பிரிட்டிஷாருக்கு எதிராகவே கொரில்லாப் படை நடத்திய டாம் பேரி ஒருவர். அவரைப் பாதி வகுப்பு எடுத்திருந்தது. நான் எமெட் டால்டனைப் பிடித்தேன்.

17 வயதில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். 1916 செப்டம்பரில் பிரான்சில் நடந்த கின்ஷி சண்டையில் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கினார். கவிஞரும் முன்னாள் எம்.பி.யுமான டாம் கெட்டில் இறந்ததும் அதே சண்டையில்தான். போர் முடிந்து ஊர் திரும்பியவர், பிரிட்டிஷாரை எதிர்த்துப் போராடிய ஐ.ஆர்.ஏ.வில் சேர்ந்து பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். 1921 மே மாதம் தன் பழைய பிரிட்டிஷ் அதிகாரி உடுப்பையே மாட்டிக்கொண்டு, கைப்பற்றிய கவச வண்டியில் மவுண்ட்ஜாய் சிறைக்குள் போய், அங்கே அடைபட்டிருந்த ஐ.ஆர்.ஏ. தலைவர் ஷான் மக்கோயினை மீட்கப் பார்த்தார். அது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டு புதிய ஐரிஷ் அரசின் தேசியப் படையில் தளபதிகளில் ஒருவர். 1922 ஆகஸ்ட் 22 அன்று பேல் ந பிளாவில் அந்தப் படையின் தலைமைத் தளபதி மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்ததும் இவரே. பின்னாளில் சினிமா ஸ்டுடியோ தொடங்கினார் என்பதை அறிக்கையில் சேர்க்க ஆசைப்பட்டேன். ஆசிரியர் வெட்டிவிட்டார்.

கேள்வியை இப்படிக் குறுக்கினேன்: பிரிட்டிஷ் படையில் கற்றது டால்டனுக்கு அயர்லாந்தில் எவ்வளவு உதவியது? உதவியது என்பது யாருக்கும் தெரியும். ‘எவ்வளவு’ என்ற சொல்தான் வாதாட இடம் தந்தது.

மாட்டிக்கொண்டது இங்கேதான். விடுதலைப் போராட்டத்தில் இருந்தவர்களிடம் 1947 முதல் 1957 வரை அரசு திரட்டிய சாட்சியங்கள், மொத்தம் 1,773, இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. டால்டன் கொடுத்ததும் இருக்கிறது. அதை வைத்தே, ஐரிஷ்காரர்கள் தங்களுக்குள் மோதிய 1922–23 உள்நாட்டுப் போர் வரை எழுதிவிடலாம் என்று திட்டம் போட்டேன். அந்தத் திரட்டு 1913இல் தொடங்கி 1921 ஜூலையில் பிரிட்டிஷாரோடு ஏற்பட்ட போர்நிறுத்தத்தோடு நின்றுவிடும் என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. உள்நாட்டுப் போரின் புண் ஆறாத காலம், அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1922க்கு, போராடியவர்களின் ராணுவ ஓய்வூதியக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும். அவை 1923 வரை போகின்றன.

இந்தச் சறுக்கல்தான் பிறகு மதிப்பெண் வாங்கித் தந்தது. அறிக்கையில் திட்டத்துக்கு 15, ஆதார மதிப்பீட்டுக்கு 25, கட்டுரைக்கு 60. மதிப்பீட்டில் பலர் ‘நேரில் பார்த்தவர், எனவே நம்பலாம்’ என்று எழுதி 25ஐத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் இரண்டு திரட்டுகளையும் மோதவிட்டேன். சாட்சியம் சொன்னவர்களுக்கு முப்பது வருட மறதி, கூடவே கொஞ்சம் பெருமை. ஓய்வூதியம் கேட்டவர்களுக்குப் பணம் வேண்டும், ஒவ்வொரு நாள் சேவையையும் நிரூபிக்க வேண்டும். இரண்டு வகையிலும் மிகைப்படுத்தல் உண்டு, ஆனால் வேறு வேறு இடத்தில்.

ஹெச்1 போனது எழுத்துத் தேர்வில். ஆவணக் கேள்வி நாலு பகுதி: முதல் மூன்றுக்குத் தலா 20, கடைசியில் பின்னணியோடு பொருத்தி எழுதுவதற்கு 40. ஆவணம் சுவாரசியமாக இருந்தது, முதல் மூன்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசிப் பகுதிக்குப் பத்து நிமிடம்கூட மிஞ்சவில்லை. நேரத்தை மதிப்பெண்ணைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டாம் உலகப் போரை ‘அயர்லாந்து நடுநிலை’ என்ற ஒரு வரியோடு முடிக்காதீர்கள். ஐரிஷ் ராணுவத்தை விட்டு ஓடி நேச நாட்டுப் படைகளில் சேர்ந்தவர்களே 5,000 பேர் வரை. அவர்களுக்கு மன்னிப்புச் சட்டம் வந்தது 2013இல்தான்.

இந்த வருடம் தங்கச்சியின் முறை. பிரிட்டிஷ் படையின் ஐரிஷ் பிரிவான கன்னாட் ரேஞ்சர்ஸ் இந்தியாவில் செய்த கலகத்தை எடுத்திருக்கிறாள். அயர்லாந்தில் பிரிட்டிஷ் படைகள் செய்வதைக் கேள்விப்பட்டு, 1920 ஜூனில் ஜலந்தரிலும் பிறகு சோலனிலும் ஐரிஷ் சிப்பாய்கள் வேலை செய்ய மறுத்தார்கள். கலகத்தில் முன்னின்ற 20 வயது ஜேம்ஸ் டேலியை நவம்பர் 2 அன்று டக்ஷாயில் சுட்டுக் கொன்றார்கள். 1936இல் ஐரிஷ் அரசு கலகக்காரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் கொண்டுவந்தது. “அப்ப இவங்க சொன்னதும் பணத்துக்காகவா அண்ணா?” என்று நேற்று கேட்டாள். அதையே கேள்வியாக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.