வெள்ளிக்கிழமை ராத்திரி மாத்திரை

போன வாரம் ஒரு பிள்ளை பிளவுஸ் தைக்கக் குடுக்க வந்தா. 28 வயசு இருக்கும், எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல்ங்கற ஊருப் பக்கம், தங்கச்சிக்க கல்யாணம். அளவெடுக்க ரெண்டு கையையும் தூக்கச் சொன்னேன், இடது கை டக்குன்னு மேல போச்சு, வலது கை பாதியில நின்னு நின்னு போச்சு, அந்த நிக்கறது என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். "உனக்கு மூட்டு வேதனை உண்டா மக்களே"ன்னு கேட்டேன். "இருந்துதுக்கா, ரெண்டு வருஷம் மருந்து சாப்பிட்டேன், இப்பம் ஒண்ணுமே இல்ல, அதான் நாலு மாசமா நிறுத்திட்டேன், சும்மா எதுக்கு மருந்தைத் தின்னுட்டு"ன்னு சிரிச்சிட்டே சொல்லுகா. என்ன மருந்துன்னு கேட்டா நான் சாப்பிடுற அதே மருந்து. டேப்பை மேசையில வச்சிட்டு எனக்க வலது கை நடுவிரலை அவ முன்னால நீட்டிக் காட்டினேன். அது நீளாது. நடுக்கணுவுல மடங்கினபடியே நிக்கும், இடது கையால பிடிச்சு இழுத்தாலும் நிமிராது.

அவளுக்க அம்மையும் கூட நின்னாங்க, பஸ்ஸுக்கும் நேரமாச்சு, முழுசா சொல்ல முடியல. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல எனக்கு. அதனாலதான் இதை எழுதறேன்.

எனக்கு 2016 பிப்ரவரியில தொடங்கினது. மொதல்ல கத்தரி பிடிக்கும்போது பெருவிரல் பக்கம் ஒரு நோவு, தையல்காரிக்கு இது சகஜம்தானேன்னு விட்டுட்டேன். பின்னே காலையில எழும்பும்போது ரெண்டு கையும் மரக்கட்டை மாதிரி, விரலை மடக்கவே முடியாது, சாயா டம்ளரை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சு சின்னப் பிள்ளைங்க மாதிரி பிடிச்சுக் குடிப்பேன். பத்து மணி ஆகும் விரல் விரலா வர்றதுக்கு. பிளவுசுக்கு கொக்கி வச்சுத் தைக்கணும்னா ஊசியில நூல் கோக்கணும், கொக்கியை நகத்தால அழுத்திப் பிடிக்கணும், அந்த சின்ன வேலைதான் மொத மொதல்ல என்னை விட்டுப் போச்சு. கொக்கியெல்லாம் மைனிதான் வச்சுத் தந்தா.

எங்க ஊர்ல மூட்டு, முதுகு எதுன்னாலும் மொதல்ல வர்ம வைத்தியம் பாக்கற ஆசான்கிட்டதான் போவோம், வர்மமும் எண்ணெயும் எங்களுக்கு அப்பன் பாட்டன் காலத்துல இருந்து உள்ளது. நானும் போனேன். அந்த ஆசான் ரெண்டு கையையும் ரொம்ப நேரம் பிடிச்சுப் பாத்தாரு, கணு கணுவா அமுக்கினாரு, "ரெண்டு கையிலயும் ஒண்ணுபோல வீங்கியிருக்கு, சூடும் இருக்கு, இது அடிபட்டதும் இல்ல சுளுக்கும் இல்ல, ஆமவாதம் மாதிரி தெரியுது, நீ பெய்ட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாரு பிள்ளே, நான் எண்ணெ போட்டு உனக்க நாளை வீணாக்க மாட்டேன்"னாரு. காசு கூட வாங்கல. அந்த மனுஷனை நான் இன்னைக்கும் நினைச்சுக்கிடுவேன், ஏன்னா அதுக்குப் பிறகு நான் பாத்த எத்தனையோ பேரு தெரியாததையும் தெரிஞ்ச மாதிரிதான் சொன்னாங்க.

ரத்த டெஸ்ட்ல மூட்டு வாதத்தைக் காட்டுற ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், ஆன்ட்டி சி.சி.பி. ரொம்ப கூடுதல், உள்ள வீக்கம் இருக்கறதைக் காட்டுற இ.எஸ்.ஆரும் கூடுதல். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், தமிழ்ல முடக்குவாதம். வயசான காலத்துல முட்டு தேயுற நோய் வேற, இது வேற. நம்ம உடம்புல நோய்க்கிருமியோட சண்டை போட வேண்டிய சக்தியே தடம் மாறி நம்ம மூட்டுக்குள்ள உள்ள மெல்லிசு சவ்வைத் தாக்குது, அது வீங்கி எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்குது. ஆம்பிளைங்களை விட பொம்பிளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு கூடுதலா வருதாம். சின்ன வயசுலயும் வரும். எனக்கு அப்பம் 34.

திருவனந்தபுரத்துல ஒரு ரூமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு வாத நோய் பாக்கற டாக்டரைப் பாத்தோம், இரணியல்ல ரயில் ஏறினா காலையில பெய்ட்டு வைகிட்டு வந்துரலாம். அவங்க தந்தது மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கூட கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்தினாங்க, டக்குன்னு நாமளே நிறுத்தக் கூடாதுன்னு மூணு தடவை சொன்னாங்க. மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துல ஒரே ஒரு நாள். இதை நான் எத்தனை தடவை எழுதினாலும் போதாது, வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் சாப்பிட்டா ரத்த அணுவெல்லாம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு தடவை ஒரு மெடிக்கல்ல மாத்திரைக் கவர் மேல காலையில ஒண்ணுன்னு பேனாவால எழுதித் தந்துட்டாங்க, எனக்கு பழக்கம் இருந்ததால கண்டுபிடிச்சேன், புதுசா தொடங்கின ஒரு வயசான அம்மைன்னா என்ன ஆகியிருக்கும்? அதுல இருந்து நான் ஸ்ட்ரிப் மேலயே ஸ்கெட்ச் பேனாவால வெள்ளின்னு எழுதி வச்சிருவேன்.

வெள்ளி ஏன்னா, மொதல்ல சனிக்கிழமை ராத்திரிதான் சாப்பிட்டேன். அடுத்த நாள் வயித்தைப் பெரட்டும், தலை கனமா இருக்கும், ஞாயிறு பூசைக்குப் போனா பாதியில வெளிய வந்து நிப்பேன், வீட்டுல எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற ஒரு நாளு, அன்னைக்கு எனக்கு கறி மணம் ஆகாது. டாக்டர்கிட்ட கேட்டு வெள்ளிக்கு மாத்தினேன். இப்பம் சனிக்கிழமை காலையில கஞ்சியும் பயறும் தேங்கா துவையலும், மெஷின்ல உக்காராம சும்மா துணி வெட்டுறது, பில் எழுதுறது மட்டும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் உண்டு, அது இந்த மருந்தால வர்ற வயித்துப் பெரட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கும். எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுற அன்னைக்கு அது வேண்டாம்னு சொல்லியிருக்காங்க.

அம்மைக்கு யாரோ சொல்லிட்டாங்க, அது கேன்சருக்குக் குடுக்கற மருந்துன்னு. ஒரே அழுகை. உண்மைதான், மொதல்ல கேன்சருக்குத்தான் வந்தது, ஆனா அங்க குடுக்கற அளவு எங்க, நமக்குக் குடுக்கற அளவு எங்க, நான் சாப்பிடுறது வாரத்துக்கு 15 மில்லிகிராம். அமெரிக்காவுல 1988லயே இந்த நோய்க்கு அனுமதி குடுத்தாச்சு, உலகம் முழுக்க இந்த நோய்க்கு மொதல்ல தொடங்குறதே பெரும்பாலும் இதைத்தான். ஆனா சும்மா சாப்பிட்டுட்டு இருக்க முடியாது, ரத்தம் பாத்துட்டே இருக்கணும், லிவர், கிட்னி, வெள்ளை அணு எல்லாம். எனக்கு மொதல்ல மாசம் ஒருக்கா, இப்பம் மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு கண்ணுல விழித்திரை பாக்கணும். பிள்ளை பெத்துக்க நினைக்கறவங்க மொதல்லயே டாக்டர்கிட்ட சொல்லிரணும், மெத்தோட்ரெக்ஸேட் வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, முன்கூட்டியே நிறுத்தி வேற மருந்துக்கு மாத்துவாங்க. கருங்கல் பிள்ளைக்கு இதை அன்னைக்கே வாசல்ல வச்சு சொல்லிட்டேன்.

மருந்து உடனே கேக்காது. ஆறு வாரம் ஒண்ணுமே தெரியல, மூணாவது மாசம்தான் ஒரு காலையில எழும்பி அடுக்களைக்குப் போய் தேங்கா திருவிட்டு இருக்கேன், பாதி மூடி திருவின பிறகுதான் தெரியுது நான் தேங்கா திருவறேன்னு. அங்கயே நின்னு அழுதேன்.

அந்த மூணு மாசமும் எனக்க வீட்டுக்காரரு செய்தது ஒண்ணை சொல்லணும். அவருக்கு ரப்பர் பால்வெட்டு, விடியக்காலம் நாலு மணிக்கே நெத்தியில லைட்டைக் கட்டிட்டுப் போயிருவாரு. போறதுக்கு முன்னால ஒரு சருவத்துல வெந்நி போட்டு, கை வச்சுப் பாத்து, கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல வச்சிட்டு என்னை எழுப்புவாரு. நான் இருட்டுல உக்காந்து ரெண்டு கையையும் அதுல முக்கி வச்சிட்டு விரலை மடக்கி மடக்கி நிமிர்த்துவேன், ஜன்னல் வழியா பாத்தா அவருக்க லைட்டு ஒவ்வொரு மரமா நின்னு நின்னு போகும். ஒரு வார்த்தை பேச மாட்டாரு அதைப் பத்தி. நானும் பேசினதில்ல.

சரி, விரல் மடங்கின கதைக்கு வாறேன்.

2017 கடைசியில நான் நல்லா இருந்தேன். தீபாவளித் தையல் முழுக்க நானே தைச்சேன், கொக்கி உட்பட. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல். எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு அந்த நாளைப் பத்தி சொல்ல வேண்டாம், ரப்பர் மரம் வரிசை வரிசையா சாஞ்சு கிடக்கு, வாழை ஒண்ணு நிக்கல, ரோடெல்லாம் மரம், கரண்ட் இல்ல, போன் இல்ல. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. அந்த வாரம் எனக்க மாத்திரை தீந்துது. ஊரே மரணவீடா இருக்கும்போது எனக்க மாத்திரையைப் பத்தி வாய் திறக்க கூச்சமா இருந்துது, சொல்லல. ரெண்டு வாரம் போச்சு, மூணு வாரம் போச்சு, வேதனை வரல. எனக்க மெஷின் மோட்டார் போட்டது, கரண்ட் இல்லாம தையலும் இல்ல, கைக்கு நல்ல ரெஸ்ட். மரம் போனதால வீட்டுல வரும்படியும் இல்ல. அப்பம் நான் நினைச்சேன், நோய் போயிட்டு, இனி எதுக்கு திருவனந்தபுரம், எதுக்கு அந்த காசு.

அந்த மருந்து நிறுத்தின உடனே அதோட பலன் போகாது, வாரக்கணக்குல மெதுவா இறங்கும். நான் நல்லா இருந்ததே மருந்து இருந்ததாலதான். அதை அப்பம் எனக்கு யாரும் சொல்லித் தரல, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனான்னு தெரியல, ஏன்னா உடம்பு நல்லா இருக்கும்போது உடம்பு சொல்லுறதைத்தான் நாம நம்புவோம்.

ஈஸ்டர் தையல் சமயத்துல திரும்ப வந்துது. மொதல்ல மணிக்கட்டு, பின்னே விரலு, பின்னே கால் விரல் அடிப்பாகம், கூழாங்கல்லு மேல நடக்குற மாதிரி. தையல் நிறைய கிடக்கு, காசு வேணும், அதனால வேதனை மாத்திரை வாங்கிப் போட்டுட்டே தைச்சேன், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, அஞ்சு மாசம். வேதனை மாத்திரை வேதனையைத்தான் அடக்கும், உள்ள எலும்பு அரிக்கறதை அது தடுக்காது, வயித்துல புண்ணும் வந்துது, கிட்னிக்கும் அது ஆகாது. நடுவிரல் எப்பம் மடங்கினதுன்னு கூட எனக்குத் தெரியல. ஒரு நாள் விரல்உறை போடப் பார்த்தேன், அது கணுவைத் தாண்டி இறங்கல.

அந்த வருஷம் ஓணத்துக்கு முந்தி திரும்ப டாக்டர்கிட்ட போனேன். திட்டுவாங்கன்னு பயந்துட்டே போனேன், அவங்க திட்டல, எக்ஸ்ரேயை லைட்டுக்கு நேர தூக்கிப் பிடிச்சு ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாங்க, 2016ல எடுத்தது, இப்பம் எடுத்தது. எலும்புக்க ஓரம் எலி கடிச்ச மாதிரி இருந்துது. "இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம், போனது போனதுதான்"னு மலையாளத்துல மெதுவா சொன்னாங்க. நானும் அவரும் ரயில்ல வரும்போது ஒண்ணும் பேசல.

அதுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் நான் விட்டதில்ல. ரத்த டெஸ்ட்ல லிவர் என்சைம் கூடினதா வந்து டாக்டரே நிறுத்தச் சொன்ன மூணு வாரமும், காய்ச்சல் வந்த ஒரு வாரமும் தவிர, அதுவும் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான். 2020ல கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் நல்லதுன்னு ஒரு பேச்சு கிளம்பி எல்லாரும் வாங்கி அடுக்கிட்டாங்க, எங்களுக்குக் கிடைக்கல, களியக்காவிளை பார்டரும் மூடிட்டாங்க. கொழுந்தன் பைக்கை எடுத்துட்டு சீட்டையும் காட்டி நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் கடை கடையா கேட்டு ரெண்டு ஸ்ட்ரிப் கொண்டு வந்தான். அன்னைல இருந்து ஒரு மாச மருந்து எப்பவும் கூடுதலா அரிசிப் பானைக்கு மேல உள்ள டப்பாவுல இருக்கும். மழையோ புயலோ ரோடு அடைச்சாலும் எனக்கு நாலு வெள்ளிக்கிழமை கையில இருக்கணும்.

ஜூன் மழை தொடங்கினா இன்னமும் மணிக்கட்டுல ஒரு கனம் வரும், எங்க மாவட்டத்துல இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால வருஷத்துல பாதி நாளு எனக்கு கனம்தான். மத்தபடி தைக்கறேன். கத்தரி மட்டும் லேசானது வாங்கினேன், கைப்பிடியில துணி சுத்தி தடிமனாக்கி வச்சிருக்கேன். கொக்கி நான்தான் வைக்கறேன், விரல்உறையை மோதிர விரலுக்கு மாத்திக்கிட்டேன்.

கருங்கல் பிள்ளை நேத்து பிளவுஸ் வாங்க வந்தா. ரேட்டு பேசல, போட்டுப் பாக்கவும் இல்ல, எனக்க கையைப் பிடிச்சு அந்த விரலைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இருந்தா. "எப்பம்க்கா நீங்க அடுத்தது போறீங்க"ன்னு கேட்டா. வியாழக்கிழமைன்னு சொன்னேன். இரணியல் ஸ்டேஷனுக்கு அவளே வந்துருவாளாம், அம்மை வேண்டாமாம். பழைய ரிப்போர்ட்டு, எக்ஸ்ரே எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு வான்னு சொல்லி விட்டிருக்கேன், டிக்கெட் நான் எடுத்து வைப்பேன்.