முட்டையில பேய்க்கண்ணு

அக்டோபர் 31 சாயங்காலம் பெரம்பூர்ல எங்க மொட்டை மாடியில பிள்ளைங்களுக்கு மாறுவேடப் பார்ட்டி. தீனி என் பொறுப்பு. பேய்க்கண்ணு முட்டைதான் செய்யப் போறேன், அதுல மாற்றமே இல்ல!

முட்டை வாங்கி ஒரு வாரம் ஆகியிருந்தா நல்லது, புது முட்டையில தோடு ஒட்டிக்கிட்டுப் பிய்யும். நல்லா 15 நிமிஷம் வேகவிடுங்க. வழக்கமா இவ்வளவு நேரம் வேண்டாம். ஆனா கூடுதலா வெந்தாதான் வெள்ளைக்கருவோட கந்தகமும் மஞ்சக்கருவோட இரும்பும் சேர்ந்து, மஞ்சளைச் சுத்திப் பச்சை வளையம் போடும். சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. பேய்க்கண்ணுக்கு அதுதான் அழகு!

ஆறினதும் உரிக்காம, கரண்டியால தட்டித் தோடு முழுக்க விரிசல் விடுங்க. கெட்டியான பீட்ரூட் தண்ணியில கொஞ்சம் வினிகர் ஊத்தி, ராத்திரி ஃப்ரிட்ஜ்ல ஊறட்டும். விரிசல் வழியா மட்டும் சாயம் இறங்கும். உரிச்சா சிவப்பு நரம்பு ஓடும், எனக்கு இந்தக் கட்டம்தான் உயிர்.

ரெண்டா வெட்டி, மிளகும் உப்பும் தூவி, நடுவுல கறுப்பு ஆலிவ் துண்டு. பரிமாறுற வரைக்கும் ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். வெளியே எடுத்தா 2 மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும். நம்மூர்ப் புழுக்கத்துக்கு அதுக்கும் முன்னாடியே.