கிரென்ஸ்லைனுக்கு வராத போட்டி

கல்லூரியில் ஹர்டில்ஸ், அதாவது தடை தாண்டும் ஓட்டம், சொல்லிக் கொடுப்பது என் வேலை. புதிதாக வரும் பையன் தடைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் மடக்கி எம்பிக் குதிப்பான். "குதிக்காதே தம்பி, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்துவேன். முன்கால் நேராக நீண்டு போக வேண்டும். எதிர்ப்பக்கக் கையும் கூடவே முன்னால் போக வேண்டும். பின்கால் பக்கவாட்டில் மடங்கி, முழங்கால் அக்குளுக்குக் கிட்டே வர வேண்டும். தடை இருப்பது 106.7 சென்டிமீட்டர் உயரத்தில். பயம் போவதற்கே ஒரு பருவம் ஆகிவிடும்.

இந்த நேர்க்கால் முறையைப் பரவலாக்கியவர் ஆல்வின் கிரென்ஸ்லைன். பல் மருத்துவம் படித்த அமெரிக்கர். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில், புல்தரையில் ஓடி, 60 மீட்டர், 110 மீட்டர் தடை, 200 மீட்டர் தடை, நீளம் தாண்டுதல் என நான்கு தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக் தடகளத்தில் தனிநபர் போட்டிகளிலேயே நான்கு தங்கம் வேறு யாரும் வாங்கியதில்லை. 1936 பெர்லினில் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் வாங்கிய நான்கில்கூட ஒன்று ரிலே, நாலு பேர் சேர்ந்து ஓடுவது. 200 மீட்டர் தடையில் இவருக்குப் பின்னால் வந்து வெள்ளி வாங்கியவர் கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சர்ட். நம் நாட்டுக் கணக்கில் இருக்கும் வெள்ளி அது.

நீளம் தாண்டுதல் தங்கம் மட்டும் எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை; அன்று விளையாடக் கூடாது என்று அவருடைய பல்கலைக்கழகம் தடுத்ததால், சக அமெரிக்கப் போட்டியாளர் மேயர் பிரின்ஸ்டைன் அதில் இறங்கவில்லை. அவருடைய தகுதிச்சுற்று தூரத்தை கிரென்ஸ்லைன் ஒரே ஒரு சென்டிமீட்டரில் முந்தினார். விதிப்படி சரிதான்.

அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கோச் ஆனார். 1913-ல் ஜெர்மனி அவரை அழைத்துக்கொண்டது. 1916 பெர்லின் ஒலிம்பிக்கிற்கு அந்நாட்டு வீரர்களைத் தயார் செய்ய வேண்டும். போர் வந்தது, ஒலிம்பிக்கே நடக்கவில்லை. அந்த உழைப்புக்குப் பதக்கப் பட்டியலில் இடமே இல்லை.

2020-ல் கொரோனாவால் போட்டிகள் ரத்தானபோது எனக்கு இவர் ஞாபகம்தான் வந்தது. அந்த வருட ஆண்டறிக்கையில் பதக்கம் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். பின்காலைத் தடையில் இடிக்காமல் எடுக்கக் கற்றுக்கொண்ட பையன்களை எழுத அதில் கட்டம் இல்லை.

போருக்குப் பிறகு கிரென்ஸ்லைன் தான் படித்த பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். 1928-ல் 51 வயதில் இறந்தார். சாம்பியனுக்கு அது இறக்கம் என்று சிலர் சொல்லலாம். மைதானத்தில் நிற்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்.